நெடுவாழ்வுடைய ஆமைகள்

நூறாண்டு வாழ்க என்று பெரியோர் இளையோரை வாழ்த்துதல் தமிழர் வழக்கு. நூறு என்பதே மனித வாழ்வின் பேரெல்லை எனக் கருதியமையால் எழுந்த வாழ்த்து அது. அவ்வெல்லையைக் கடந்து, நூற்றைம்பது ஆண்டும் அதற்கு மேலும் வாழும் உயிர் ஒன்று உண்டெனின், அதனைக் காணும் மனிதன் வியவாதிருத்தல் இயலுமோ? பேருருவம் படைத்த நில ஆமையே அவ்வுயிர்.

அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே செயிண்ட் ஹெலினா என்னும் சிறு தீவு உள்ளது. பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியன் சிறையிருந்து மாண்ட தீவு அதுவே. அங்குள்ள ஆளுநர் மாளிகைத் தோட்டத்திற்கு 1882 ஆம் ஆண்டில் இந்தியப் பெருங்கடலின் சீசெல்ஸ் தீவுகளிலிருந்து ஓர் ஆமை வந்து சேர்ந்தது. ஜானதன் என்பது பின்னர் அதற்கு இட்ட பெயர். வந்த நாளிலேயே அது முழு வளர்ச்சி பெற்றிருந்தது. அவ்வளவு வளர்வதற்கு ஐம்பது ஆண்டேனும் சென்றிருக்கும் எனக் கணக்கிட்டு, 1832 ஆம் ஆண்டளவில் அது பிறந்திருத்தல் வேண்டும் என்று கொண்டனர். 2022 ஆம் ஆண்டில் அதன் 190 ஆம் பிறந்தநாளைத் தீவு மக்கள் விழாவெடுத்துக் கொண்டாடினர். அதற்கு முன்பே அதன் கண்கள் புரையால் ஒளி இழந்திருந்தன; மோப்ப ஆற்றலும் அகன்றிருந்தது. விலங்கு மருத்துவர் தம் கையால் ஊட்டிய காய்களையும் கனிகளையும் உண்டு அது காலங்கழித்தது.

மொரீஷியஸ் தீவில் வாழ்ந்த மற்றோர் ஆமையின் கதையும் கேட்கத் தக்கது. மரியோன் என்னும் பிரெஞ்சுக் கடலோடி 1766 ஆம் ஆண்டில் அதனைச் சீசெல்ஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்தார். அது போர்ட் லூயி நகரத்துப் படைவீட்டில் வளர்ந்தது. 1810 ஆம் ஆண்டில் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. பிரெஞ்சுக் கொடி இறங்கிற்று. ஆங்கிலக் கொடி ஏறிற்று. ஆமையோ இருந்த இடத்திலேயே புல் மேய்ந்துகொண்டிருந்தது. 1918 ஆம் ஆண்டில், பார்வை மங்கிய முதுமையில், பீரங்கி மேடைப் பள்ளத்தில் வீழ்ந்து அது உயிர் நீத்தது. மனிதர் கண்முன் அது வாழ்ந்த காலம் மட்டும் 152 ஆண்டு. அதற்கு முன் வாழ்ந்த காலம் எவ்வளவோ!

கல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலையில் 2006 ஆம் ஆண்டில் இறந்த ஆமைக்கு வயது 255 என்றனர். பிளாசிப் போரில் வென்ற கிளைவு வளர்த்த ஆமை அது என்பது செவிவழிச் செய்தி. கிளைவின் பெயரையும் அந்த வயதையும் உறுதிப்படுத்தும் சான்று கிடைக்கவில்லை. வியப்பு மிகும்போது கணக்கு நெகிழ்ந்துபோதல் உலக இயல்பு. ஆனால், இருநூறோ இருநூற்றைம்பதோ என்று வயதை எண்ணிக்கொண்டிருப்பதோடு ஆமையைப் பற்றிய சிந்தனை நின்றுவிடுமாயின், அது பெருங்குறையே ஆகும். ஆமையின் வரலாற்றில் வயதினும் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது.

முதலில், அதன் உடலமைப்பை அறிதல் வேண்டும். ஓடு என்பது ஆமை சுமந்து திரியும் வீடு என்று பலர் எண்ணுவர். அது பொருந்தாது. அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளுமே அகன்று இணைந்து ஓடாகியிருக்கின்றன. வீட்டை விட்டு நீங்குவதுபோல் ஆமை ஓட்டை விட்டு நீங்குதல் இயலாது. ஆண் ஆமை 250 கிலோ எடையை எட்டுதலும் உண்டு. இத்துணைப் பெரிய உடலுக்கு உணவு சிறிதே போதும். தன் உடலைச் சூடாக்கிக் கொள்ளக் கதிரவனையே நம்பியிருத்தலின், அதற்கென உணவை எரிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. மூச்சு மெல்ல நிகழும். நெஞ்சு மெல்லத் துடிக்கும். 1835 ஆம் ஆண்டில் கலாபகோஸ் தீவுகளுக்குச் சென்ற டார்வின், ஆமையின் நடையையும் அளந்து பார்த்தார். பத்து நிமிடத்திற்கு 60 கெசம் அது நடந்தது. அந்த நடையிலேயே ஒரு நாளில் நான்கு மைல் செல்லக்கூடும் என்று அவர் கணக்கிட்டார். ஆமைவேகம் என்று இகழ்வோர் இக்கணக்கை எண்ணிப் பார்க்கலாம். 2022 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகளோ, காவலில் வாழும் ஆமை இனங்கள் பலவற்றில் முதுமையால் வரும் தளர்ச்சி மிகச் சிறிதே என்று காட்டின.

உணவும் நீருமின்றிப் பல மாதம் உயிர்தரிக்கும் இவ்வாற்றலே ஆமைக்குக் கூற்றுவனாய் வந்தது. நெடுநாள் கடலில் உழன்ற மாலுமிகளுக்குக் கெடாத இறைச்சி கிடைத்தல் அரிது. ஆமையை உயிரோடு பிடித்துக் கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிவிட்டால், தீனியின்றி, தண்ணீரின்றி, ஓராண்டளவும் அது உயிரோடிருக்கும்; வேண்டும்போது கொன்று தின்னலாம். இதனைக் கண்டுகொண்ட கடற்கொள்ளையரும் திமிங்கில வேட்டையாளரும் கலாபகோஸ் தீவுகளிலிருந்து ஓர் இலட்சத்திற்குக் குறையாத ஆமைகளை வாரிச் சென்றனர் என மதிப்பிடுவர். பெண் ஆமைகள் எடையில் சிறியவை. முட்டையிடுவதற்குக் கரையை அடுத்த தாழ்நிலத்திற்கு வருபவை. சுமப்பதற்கு எளியவை ஆதலின், அவற்றையே மிகுதியாகப் பிடித்தனர். தாயைக் கொள்ளையிட்டபின் இனம் தழைப்பது எவ்வாறு?

இக்கொள்ளையில் அறிஞரும் பங்கு கொண்டனர் என்பது வருந்தத் தக்கது. ஓட்டின் அமைப்பைப் பார்த்தே ஆமை எத்தீவினது என்று சொல்லிவிடலாம் என அங்கிருந்த துணை ஆளுநர் லாசன் என்பவர் டார்வினிடம் கூறினார். உயிரினங்கள் மாறுதலுறும் வரலாற்றை ஆராய்ந்த அப்பெரியார்க்கு இதனினும் சிறந்த சான்று வேறு எது? ஆயினும், அச்சொல்லின் அருமையை அவர் அப்பொழுதே உணர்ந்திலர். கப்பலில் ஏற்றிய ஆமைகளை அனைவரும் உண்டனர்; ஓடுகளைக் கடலில் எறிந்தனர்.

இந்தியப் பெருங்கடலில் நேர்ந்த கேடு இதனினும் கொடிது. 1691 ஆம் ஆண்டில் ரொட்ரிகஸ் தீவில் குடியேறிய லெகுவா என்னும் பிரெஞ்சுக்காரர் அங்குக் கண்ட ஆமைக் கூட்டத்தைத் தம் நூலில் குறித்துள்ளார். நிலத்தை மிதியாமல், ஆமைகளின் முதுகின் மேலேயே நூறு அடிக்கு மேல் நடந்துவிடலாமாம்! ரொட்ரிகஸ், மொரீஷியஸ், ரெயூனியன் ஆகிய மூன்று தீவுகளிலும் வாழ்ந்த ஐந்து வகை ஆமைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அடியோடு அழிந்தொழிந்தன. படைவீட்டில் ஓர் ஆமையைப் பல்லாண்டு போற்றி வளர்த்த அதே மொரீஷியஸில், அந்த மண்ணுக்குரிய ஆமைகளுள் ஒன்றுகூட எஞ்சவில்லை. ஒற்றை ஆமையின் வயதைக் கொண்டாடுதல் வேறு. ஆமை இனத்தைக் காத்தல் வேறு.

நூற்றைம்பது ஆண்டு வாழவல்ல உயிருக்கு அழிவு எளிதில் வாராது என்று கருதுவாரும் உளர். உண்மை அதற்கு நேர்மாறானது. பேருருவ ஆமை இனம் பெருக்கும் பருவத்தை அடைவதற்கே இருபது ஆண்டு, இருபத்தைந்து ஆண்டு ஆகும். எலி இழந்ததை ஒரு பருவத்தில் மீட்கும்; ஆமை இழந்ததை மீட்க ஒரு தலைமுறை வேண்டும். அன்றியும், நீண்ட ஆயுள் அழிவைக் கண்ணுக்குத் தோன்றாமல் மறைத்தும் விடுகிறது. கலாபகோஸ் தீவுகளுள் ஒன்றாகிய பின்சோனில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. கப்பல்களோடு வந்த எலிகள் அங்கே பெருகி, முட்டையினின்று வெளிவந்த குஞ்சுகளையெல்லாம் தின்றன. பெரிய ஆமைகளை எலிகள் என்செய்யும்? அவை வழக்கம்போல் மேய்ந்தன, முட்டையும் இட்டன. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்க்குத் தீவில் குறையொன்றும் தோன்றாது. ஆனால், நூறு ஆண்டுக்கு மேலாக அங்கே பிறந்த குஞ்சுகளுள் ஒன்றேனும் பிழைத்து வளரவில்லை. குழவியின் ஒலியே இல்லாது முதியோர் மட்டும் வாழும் ஊரை ஒத்திருந்தது அத்தீவு.

பிண்டா என்னும் வேறொரு தீவில் ஓர் ஆமையே எஞ்சியது. 1971 ஆம் ஆண்டில் நத்தைகளைத் தேடிச் சென்ற அறிஞர் ஒருவர் அதனைத் தற்செயலாகக் கண்டார். ஜார்ஜ் என்று அதற்குப் பெயரிட்டு, மறு ஆண்டில் டார்வின் ஆய்வு நிலையத்திற்குக் கொண்டுசென்றனர். அத்தீவில் மீனவர் 1959 ஆம் ஆண்டில் விட்டுச்சென்ற மூன்று ஆடுகள் அதற்குள் பல்லாயிரமாய்ப் பெருகி, பசுமையை மேய்ந்து தீர்த்திருந்தன. ஜார்ஜுக்குத் துணையாக அதன் இனத்துப் பெண் ஆமை உலகெங்கும் தேடியும் கிடைக்கவில்லை. உறவுள்ள பிற இனத்துப் பெண் ஆமைகளை உடன் வாழச் செய்தனர். அவை இட்ட முட்டைகள் பொரிக்கவில்லை. நாற்பது ஆண்டு அது அவ்வாறே வாழ்ந்தது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து, மறைந்துவிட்ட ஓர் இனத்தின் கடைசி உயிரைப் பார்த்துச் சென்றனர். 2012 ஆம் ஆண்டு ஜூன் 24 ஆம் நாள் ஜார்ஜ் இறந்தது. அதற்கு மேலும் ஐம்பது ஆண்டு அது வாழ்ந்திருந்தாலும் இனத்திற்குப் பயன் விளைந்திராது.

அங்ஙனமாயின் நீண்ட ஆயுளால் ஆமைக்கு நன்மையே இல்லையோ எனின், உண்டு. மனிதன் தன் பிழையை உணர்ந்து திருந்தும்வரை காத்திருக்கும் ஆற்றலை அது ஆமைக்கு அளித்தது. எஸ்பனியோலா என்னும் தீவில் 1963 ஆம் ஆண்டு முதல் தேடியதில் பதினான்கு ஆமைகளே அகப்பட்டன. அவற்றுள் ஆண் இரண்டு. அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சிச்சாலையில் அத்தீவின் ஆண் ஆமை ஒன்று இருப்பது பின்னர்த் தெரிந்தது. அதனையும் வருவித்து, டியேகோ என்று பெயரிட்டு, மற்றவற்றோடு வளர்த்தனர். அப்பதினைந்தின் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ 2,000 ஆமைகள் தீவில் விடப்பட்டன. 2020 ஆம் ஆண்டில் அப்பதினைந்தும் தாய்மண்ணுக்குத் திரும்பின. குறுகிய ஆயுளுடைய விலங்காக இருந்திருப்பின், தேடுவோர் புறப்படுமுன்னரே இக்கதை முடிந்திருக்கும்.

இந்தியப் பெருங்கடலில் பிழைத்த ஆமைகளின் தாயகம் அல்டாப்ரா என்னும் பவளத் தீவு. நன்னீர் அரிதாகிய அத்தீவு மனிதர் குடியிருப்புக்கு ஏற்றதன்று. மனிதனுக்கு ஆகாத இடம் ஆமைக்கு ஆயிற்று. அங்கும் இடர் வந்தபோது, 1874 ஆம் ஆண்டில் அறிஞர் பலர் கூடி மொரீஷியஸ் ஆளுநருக்கு முறையீடு அனுப்பினர். அதில் கையொப்பமிட்டவருள் டார்வினும் ஒருவர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆமையை உண்டவர், முதுமையில் ஆமைக்காகப் பரிந்து பேசினார்! மீண்டும் 1960களில் அங்கே விமானத்தளம் அமைக்க ஆங்கில அரசு எண்ணிற்று. அறிஞர் கடுமையாக எதிர்த்தனர். பொருள் நெருக்கடியும் சேர்ந்துகொள்ளவே, 1967 ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஏறத்தாழ ஓர் இலட்சம் ஆமைகள் அங்கு வாழ்வதாகக் கணக்கிட்டுள்ளனர்.

மொரீஷியஸை அடுத்த ஒரு குறுந்தீவில் 2000 ஆம் ஆண்டு முதல் அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டுவந்து விட்டனர். அங்குள்ள கருங்காலி மரங்களின் கனிகள் அதுகாறும் மரத்தடியிலேயே வீழ்ந்து கிடந்தன. ஆமைகள் அவற்றை உண்டு, நடந்த இடமெல்லாம் விதைகளைக் கழித்தன. அங்கெல்லாம் கன்றுகள் முளைத்தன. ஆமை காடு வளர்க்கும் என்பதை, சொந்த ஆமைகளை இழந்து இருநூறு ஆண்டு சென்றபின் அந்நாடு கண்டறிந்தது.

பின்சோன் தீவில் 1965 ஆம் ஆண்டு முதல் முட்டைகளைத் திரட்டி ஆய்வு நிலையத்திற்குக் கொண்டுசென்று பொரிக்கச் செய்தனர். குஞ்சுகள் எலிகளுக்கு இரையாகாத அளவு வளர்ந்தபின், மீண்டும் தீவிலேயே கொண்டுவந்து விட்டனர். ஐம்பது ஆண்டளவும் இப்பணி சலியாது நடந்தது. 2012 ஆம் ஆண்டில் எலிகளை முற்றிலும் ஒழித்தனர். இரண்டு ஆண்டு கழித்துத் தீவில் ஆராயச் சென்றவர்கள், பாறை இடுக்கில் கையகலமும் இல்லாத ஆமைக் குஞ்சுகளைக் கண்டனர். எவரும் எடுத்துச் சென்று வளர்க்காமல், தம் மண்ணிலேயே பொரித்துத் தாமே பிழைத்த குஞ்சுகள் அவை.