பெயர் சுருங்கட்டும், பொருள் நிலைக்கட்டும்!

 

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, வண்டலூர் எனச் சென்னையின் தென்புறநகர்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு செல்வம் அலமாரியில் உறங்கிக் கிடக்கிறது. பள்ளிவாசல்களில் ஹஜ்ரத்மார்கள் ஆற்றிய ஜும்ஆ பயான்கள், ரமழான் இரவுகளின் சொற்பொழிவுகள், வீட்டுப் பெரியவர்கள் ஓதிய திருக்குர்ஆன், நிகாஹ் மஜ்லிஸில் கேட்கப்பட்ட துஆக்கள் என்பனவே அச்செல்வம். அன்று ஒலிநாடாவில் பதியப்பட்டுப் பின்னர் குறுந்தகட்டிற்கு மாறியவை இவை. அவற்றில் பேசியவர்கள் பலர் இன்று நம்மிடையே இல்லை. குரல் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

இக்காலத்து மடிக்கணினிகளில் தகடு செருகும் இடமே பெரும்பாலும் இல்லை. ஆயினும் தனியே இணைக்கும் கருவியை வாங்கி, பழைய தகடுகளைக் கணினிக்கு மாற்றுவோரும், உறவினர்க்கு அனுப்பப் புதிய தகட்டில் 'ரைட்' செய்வோரும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் அனைவரும் சந்திக்கும் இடையூறு ஒன்று உண்டு. கோப்பின் பெயர் மிக நீளம் என்று கணினி மறுத்துவிடும். அல்லது நம்மைக் கேளாமலே மென்பொருள் அப்பெயரை வெட்டிவிடும். மறுத்துவிட்டால் நமக்குத் தெரியும். வெட்டிவிட்டால் தெரியாது. ஆகவே இரண்டாவதே அஞ்சத்தக்கது.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 'ரமழான் மாதத்தின் சிறப்புகளும் நோன்பாளிகளின் கடமைகளும் 25-12-1998' என்று ஒரு பயானுக்குப் பெயரிடுகிறோம் எனக் கொள்வோம். தேதியை நீக்கிவிட்டு இத்தலைப்பை நம் கண்ணால் எண்ணினால், இடைவெளிகள் உட்பட 33 எழுத்துகள். கணினியின் கணக்கோ 53! ஏனெனில், 'க' என்பது அதற்கு ஒன்று. 'கு' என்பது இரண்டு. புள்ளி வைத்த 'க்' என்பதும் இரண்டு. மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும் யூனிகோடு முறை தனித்தனியே எண்ணுகிறது. இத்துடன் இடைவெளியும் தேதியும் 11, ஒலிக்கோப்பு என்பதைக் காட்டும் எம்.பி.3 என்ற வால் புள்ளியுடன் 4 ஆக, மொத்தம் 68. தகடுகளில் பரவலாக வழங்கும் 'ஜோலியட்' முறையின் எல்லை 64. வாலை விட்டுவிட்டுப் பெயரின் கடைசி நான்கை மென்பொருள் நறுக்கினால் போவது எது? '1998' என்ற ஆண்டு!

ஆண்டு போனால் என்ன என்று எண்ண வேண்டாம். அந்தப் பயானில் ஹஜ்ரத் அவர்கள் அவ்வாண்டின் ஃபித்ராவை ரூபாயில் அறிவித்திருக்கக் கூடும்; ஜகாத் கடமையாகும் அளவை அன்றைய வெள்ளி விலையில் கணக்கிட்டுக் கூறியிருக்கக் கூடும். விலை ஆண்டுதோறும் மாறுவது. ஆண்டு அறியாமல் கேட்கும் குடும்பம் பழைய தொகையையே கொடுத்துவிட்டு, கடமை நிறைவேறியதென நினைத்திருக்கும். ஏழைக்குச் சேர வேண்டிய உரிமை அங்கே குறைந்துவிடும். ஒரு கோப்பின் பெயர் வெட்டுண்டது இத்துணை தூரம் சென்று பாதிக்கிறது.

இந்த எல்லைகளை விதித்தவர் யார்? 1985 இல் அமெரிக்காவில் தாஹோ ஏரிக்கரையிலுள்ள ஹை சியரா விடுதியில் கணினி நிறுவனத்தார் கூடி, எல்லாக் கணினிகளும் படிக்கத்தக்க தகட்டு முறை ஒன்றை ஆராய்ந்தனர். அதன் வழி வந்ததே 1988 இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் தரம். அக்கால எளிய கணினிகளையும் கருதியதால், அதன் முதல் நிலையில் பெயருக்கு 8 எழுத்து, வாலுக்கு 3 எழுத்து மட்டுமே. அவையும் ஆங்கிலப் பெரிய எழுத்தோ, எண்ணோ, அடிக்கோடோ ஆக இருத்தல் வேண்டும். தமிழுக்கு அங்கே இடமில்லை. 1995 இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கொணர்ந்த ஜோலியட் 64 எழுத்து வரை அனுமதித்தது. பிற மொழி எழுத்துகளையும் ஏற்றது. பின்னர்ப் பரவிய யூ.டி.எஃப். முறையில், தமிழைப் பொறுத்தவரை, கணினிக் கணக்கில் 127 எழுத்து வரை இடமுண்டு. ஆனால் பழைய கார் ஒலிப்பான்களும் டி.வி.டி. கருவிகளும் எல்லா முறைகளையும் படிப்பதில்லை.

இதில் ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. ஜோலியட் தகட்டில் பெயர்ப் பட்டியல்கள் இரண்டு இருக்கும். ஒன்று குறும்பெயர்களுக்கு, மற்றொன்று நெடும்பெயர்களுக்கு. ஆகவே பழைய கருவியில் பெயர் குறைந்து தெரிந்தால் மனம் உடைந்துவிடாதீர்கள். அதே தகட்டைக் கணினியில் இட்டுப் பாருங்கள். நெடும்பெயர் நலமாக இருக்கக் கூடும்.

நீண்ட பெயரைச் சுருக்குவது குறையோ என்று சிலர் தயங்கலாம். நாள்தோறும் மின்சார ரயிலில் செல்லும் நமக்குத் தாம்பரம் நிலையம் ரயில்வே ஏட்டில் 'டி.பி.எம்.' என்ற மூன்றெழுத்து என்பது தெரியும். சென்னை சென்ட்ரல் நிலையத்திற்கு 2019 இல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் பெயர் சூட்டப்பட்டது. பெயர் நீண்டது, 'எம்.ஏ.எஸ்.' என்ற குறியீடோ மாறவில்லை. பயணச்சீட்டும் குழம்பவில்லை.

நம் இமாம்கள் இக்கலையை என்றோ அறிந்திருந்தனர். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலுக்கு இட்ட பெயர் 'அல்ஜாமிஉல் முஸ்னதுஸ் ஸஹீஹுல் முக்தஸர்' எனத் தொடங்கி, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காரியங்கள், வழிமுறைகள், நாட்கள் ஆகியவற்றைச் சுட்டி நீண்டு செல்வது. உலகம் அதை 'ஸஹீஹுல் புகாரி' என்றே அழைக்கிறது. இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் 'அல்ஜாமிஉஸ் ஸகீர்' நூலில் புகாரிக்குக் 'ஃகா' என்ற ஓரெழுத்தையும், முஸ்லிமுக்கு 'மீம்' என்ற ஓரெழுத்தையும் குறியாக வைத்தார்கள். அக்குறிகளின் விளக்கத்தை நூலின் முன்னுரையிலேயே எழுதினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். விளக்கம் இல்லாத குறி புதிர். விளக்கம் உள்ள குறியே அறிவு.

இன்று திருக்குர்ஆன் ஓதுதலை வசனம் வசனமாக வெளியிடுவோர் பலர் பின்பற்றும் முறையைப் பாருங்கள். அத்தியாயத்திற்கு மூன்று இலக்கம், வசனத்திற்கு மூன்று இலக்கம். அத்தியாயங்கள் 114, மிகப் பெரிய அத்தியாயமான அல்பகராவில் வசனங்கள் 286. எனவே மும்மூன்று இலக்கங்களே போதும். குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகராவின் 282 ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிக்கும் வசனம். அதன் கோப்புப் பெயரோ 002282 என்னும் ஆறே இலக்கங்கள்! முன்னால் உள்ள சுழிகளும் வீணல்ல. அவை இல்லையேல் பல கருவிகள் 1க்குப் பின் 10, 100 என வரிசைப்படுத்தி, 2ஐப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

இனி நாம் செய்ய வேண்டியவை:

1. தகட்டில் பதியுமுன் கணினியிலேயே பெயர்களை நாமே சுருக்கிவிட வேண்டும். வெட்டும் பொறுப்பை மென்பொருளிடம் விடலாகாது.

2. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணால் பெயரிடுக. மேற்கண்ட பயானுக்கு 19981225 என்பதே போதும். எட்டே இலக்கங்கள்; மிகப் பழைய தரத்திற்கும் பொருந்தும்; காலவரிசையும் தானே அமையும். ஒரே நாளில் இரண்டு பயான்கள் இருந்தால் 981225_1, 981225_2 எனலாம்.

3. முழுத் தலைப்பு, பேசியவர், பள்ளிவாசல், ஹிஜ்ரி ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் விரிவாக ஒரு பட்டியலாக எழுதி, அதே தகட்டில் சேருங்கள். அதன் பெயரும் சுருக்கமாகவே இருக்கட்டும். பட்டியலின் படி ஒன்றைத் தாளிலும் எடுத்துத் தகட்டின் உறையில் வையுங்கள்.

4. உறைக்குள் உறை போல் அடுக்கடுக்காகக் கோப்புறைகள் வேண்டாம். பழைய தரம் எட்டு அடுக்குக்கு மேல் ஏற்பதில்லை. விண்டோஸ் கணினியிலும் கோப்புறைப் பெயர்கள் அனைத்தையும் சேர்த்து 260 எழுத்து என்பதே வழக்கமான எல்லை.

5. பதிந்தபின் வேறொரு கருவியில் இட்டு, பெயர்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு, சிறிது நேரம் ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். அதன் பிறகே மூலத்தை எடுத்து வையுங்கள், ஒருபோதும் அழித்துவிடாதீர்கள்.

6. முன்பே பெயர் வெட்டுண்ட தகடாயின், கணினிக்கு மாற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுப் பட்டியல் தயாரியுங்கள். குரலை அடையாளம் காணக்கூடிய பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே இது நடைபெற வேண்டும். பிள்ளைகள் எழுத, பாட்டிமார் கேட்டுச் சொல்ல, விடுமுறை நாளில் இப்பணி இனிதே நிறைவேறும்.

ஒருவர் சொல்லை அவர் பெயரோடும் காலத்தோடும் அடுத்தவரிடம் சேர்ப்பது அமானிதம். அறிவிப்பாளர் வரிசையைக் கண்ணெனக் காத்த சமுதாயம் நாம். நம் வீட்டுத் தகடுகளிலும் அந்தப் பேணுதல் விளங்கட்டும்.

வல்ல ரஹ்மான் நம் முன்னோர்களின் நற்சொற்களைப் பேணி, அவற்றின்படி நடக்க நம் அனைவருக்கும் தவ்ஃபீக் அளிப்பானாக! ஆமீன்.