யன்னலோரக் கீரையும் கரண்ட் பில்லும்

2022 யூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ எண்டு சொன்ன நாடு இது. லயத்திலயும் அனெக்ஸிலயும் இருக்கிற ஆக்களுக்கு எந்தத் தோட்டம்? அந்தக் கேள்விக்கு இப்ப யூடியூப் சொல்லுற பதில் ஹைட்ரோபொனிக்ஸ். மண் வேண்டாம், அறைக்குள்ளயே மரக்கறி, காசும் மிச்சம்.

மண் வேண்டாம் என்பது உண்மை. தேவையான சத்துகளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் வேர் எடுத்துக்கொள்ளும். காசு மிச்சம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஒரு கணக்குப் போடுவம். வெளிச்சம் போதாத அறையில் 40 வாட் எல்.ஈ.டி. விளக்கை நாளுக்கு 14 மணித்தியாலம் எரித்தால், மாதம் கிட்டத்தட்ட 17 அலகு. எங்கட மின்கட்டண முறையில் மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடின விலை. 50 அலகில் நிற்கிற வீட்டை இந்த ஒரு விளக்கே அங்கால தள்ளிவிடும். பிறகு அந்த நாலு பிடி கீரை, சந்தைக் கீரையைவிட விலை கூடினது. பம்ப் பூட்டின செட் எண்டால் கரண்ட் போகிற நாளில் செடியும் வாடும்.

அதுக்காக விட்டுவிடச் சொல்லவில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. கிராட்கி பரவலாக்கிய முறைக்கு மின்சாரமே வேண்டாம். பழைய ரெஜிபோம் பெட்டி, மூடியில் ஓட்டைகள், ஓட்டைக்குள் தும்புத்தூள் நிரப்பிய கப், உள்ளே அல்பேர்ட் உரக் கரைசல். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். அந்த இடைவெளியில் மேல்வேருக்குக் காற்றுக் கிடைக்கும். வெயில் விழுகிற யன்னலோரம் போதும். தக்காளிக்கு ஆசைப்பட வேண்டாம், அதுக்கு வெயில் நிறைய வேணும். கங்குனில் தொடங்குங்கோ. கறிக்கு வாங்கின கட்டில் மிஞ்சின தண்டே வேர்விடும்.

மூடி மட்டும் இடைவெளியில்லாமல் இறுக்கமாக இருக்கவேணும். வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும், நுளம்பு போனால் டெங்கு வரும். கீரையில் மிச்சம்பிடித்த காசு ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது.

ஒரு பெட்டி கீரைச் செலவைக் கொஞ்சம் குறைக்கும். அரிசி, பருப்பு விலையைக் குறைக்காது. அதுக்கான பொறுப்பை எங்கட யன்னலில் கட்டிவிட்டு ஆரும் தப்பவும் கூடாது.