பிடித்து வைத்த நஞ்சு எங்கே போகிறது?

சென்ற மாதம் எங்கள் துறையில் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நடந்தது. நீரிலுள்ள ஆர்சனிக்கை இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் கொண்டு நீக்குவது ஆய்வுப் பொருள். தரவுகள் லாங்மியர் சமன்பாட்டோடு மிக அழகாகப் பொருந்தியிருந்தன. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரே ஒரு வினா எழுப்பினார்: “பயன்படுத்தி முடித்த துகளை என்ன செய்தீர்கள்?” ஆய்வாளர் சற்றுத் தயங்கி, “குப்பியில் போட்டு வைத்திருக்கிறேன், ஐயா” என்றார். அவையில் சிரிப்பெழுந்தது. நானும் சிரித்தேன். என் மேசை இழுப்பறையில் அத்தகைய குப்பிகள் பதினொன்று இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பஞ்சு நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்வது வேறு. கரியோ இரும்பு ஆக்சைடோ ஒரு பொருளைத் தன் புறப்பரப்பில் கவர்ந்து நிறுத்துவது வேறு. பின்னதையே பரப்புக் கவர்தல் என்கிறோம். லாங்மியர் 1918இல் வாயுக்களுக்காகத் தம் சமன்பாட்டை வருவித்தபோது, மூலக்கூறுகள் பரப்பில் வந்தமரும் வேகத்தையும் அதை விட்டு நீங்கும் வேகத்தையும் சமன்செய்தே அதை அடைந்தார். விடுவித்தல் அந்தச் சமன்பாட்டின் சரிபாதி. நாமோ ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்ற பெருமக் கவர்திறனை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபாதியை மறந்துவிடுகிறோம்.

மறந்ததன் விளைவு சிறிதன்று. வங்க வடிநிலத்துக் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் எப்படி வந்தது என்று பாருங்கள். இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில் இரும்பு ஆக்சைடு பூச்சுகள் ஆர்சனிக்கைப் பற்றி வைத்திருந்தன. கரிமப் பொருள் மிகுந்த அந்த ஈர வண்டலில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிரிகள் இரும்பை ஒடுக்கின; ஆக்சைடு கரைந்தது; பற்றியிருந்த ஆர்சனிக் நிலத்தடி நீரில் கலந்தது. இதுவே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இனி நம் வடிகட்டியை எண்ணிப் பாருங்கள். அதே இரும்பு ஆக்சைடைக் கொண்டு அதே ஆர்சனிக்கைப் பிடிக்கிறோம். பின் அந்தக் கழிவை ஈரமான, காற்றுப் புகாத குப்பைக் குழியில் புதைத்துவிடுகிறோம். நோயை உண்டாக்கிய நிகழ்வை நம் கையாலேயே மீண்டும் தொடங்கிவைப்பதற்கு இது ஒப்பாகாதா?

“கசிவுச் சோதனையில் தேறிவிட்டதே” என்பார்கள். வழக்கமான சோதனை, கழிவை மென்மையான அசெட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றிப் பார்ப்பது. ஆண்டுக்கணக்கில் ஆக்சிஜனின்றிக் கிடக்கும் குழியின் நிலைமை அதில் இல்லை. இரும்பு சார்ந்த கழிவுகளில் ஆர்சனிக் கசிவை அது குறைத்தே காட்டக்கூடும் என்பது இத்துறையினர் அறிந்ததே.

கவர்திறன் எண்ணைப் பற்றியும் ஒரு சொல். வாலைவடிநீரில் ஆர்சனிக்கை மட்டும், அதுவும் லிட்டருக்குப் பல மில்லிகிராம் அளவில் கரைத்துப் பெற்ற எண் அது. குடிநீருக்கான வரம்போ லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கிணற்று நீரில் பாஸ்பேட்டும் சிலிகேட்டும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. போதாக்குறைக்கு, நடுநிலை நீரில் மின்சுமையற்று நிற்கும் மூவிணைதிற ஆர்சனிக் பல பரப்புகளில் எளிதில் ஒட்டுவதில்லை. (எந்தப் பழத்தோலை எரித்தாலும் மெத்திலீன் நீலத்தைக் கவரும் கரி கிடைக்கும் என்பதை இன்னும் எத்தனை கட்டுரைகள் நிறுவ வேண்டுமோ!)

நெறியாளர்களிடம் என் வேண்டுகோள் எளியது. நீக்கத்தைப் பற்றிய ஆய்வேட்டில் மீட்டுருவாக்கத்துக்கும் கழிவின் கதிக்கும் ஓர் இயல் கட்டாயமாகட்டும். பட்டக்காலம் நீளும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. உதவித்தொகை முடிய ஏழு மாதங்களே எஞ்சியுள்ளன. எனினும் என் பதினொரு குப்பிகளிலும் குளத்துச் சேற்றைச் சேர்த்து, நைட்ரஜன் நிரப்பி, திங்களன்று மூடி வைத்திருக்கிறேன். முதல் மாதிரியை அடுத்த மாதம் எடுப்பேன். நீங்கள் முன்பே இதைச் செய்து, முடிவு சாதகமாக இல்லையென்று வெளியிடாமல் வைத்திருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.