முகத்தைத் திருத்துவதா, படத்தைத் திருத்துவதா?

நம் கல்லூரி நடைக்கூடத்தில் யாரேனும் ஒரு நிழற்படத்தை மாட்டினால் அதன்முன் நிற்பவர்கள் மூன்று சொற்களில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். ஒன்று "அருமை". மற்றொன்று "சூப்பர்". மூன்றாவது, "முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கியிருக்கலாம்". முதல் இரண்டும் பாராட்டு என்றும் மூன்றாவது திறனாய்வு என்றும் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மூன்றுமே படமெடுத்தவனுக்குப் பயன்படாதவை என்பதும், அவற்றுள் மூன்றாவது தீங்கும் செய்வது என்பதும் என் கருத்து.

தமிழ் பயிலும் நண்பர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். அரங்கேற்றம் என்பது வெறும் கைதட்டல் விழாவாகவா நம்மிடம் இருந்தது? நூலைச் சான்றோர் அவையில் படிக்க, இந்தச் சொல் ஏன், இந்தப் பொருள் எப்படி என்று கேட்க, ஆசிரியன் விடை சொல்ல, அதன் பின்னரே நூல் நூலாயிற்று. அவ்வளவு கேள்வி கேட்ட மரபில் வந்த நாம் ஒரு படத்தின்முன் நின்று கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போகிறோம்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு படத்தை வைத்தே பேசலாம். சென்ற கல்லூரி விழாவின்போது வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர் தம் அம்மிச்சியின் கறுப்பு வெள்ளைப் படத்தை மாட்டியிருந்தார். அம்மிச்சி திருப்பூர்–பல்லடம் சாலையில் அருள்புரத்தில் குடியிருப்பவர். அங்கேயே ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டி, பீஸ் செக்கிங் பார்க்கிறவர். வீட்டுக்குள் வெள்ளைச் சுவரின்முன் நிற்கவைத்து, பேரன் உயரத்திலிருந்து சற்றுக் கீழ்நோக்கி எடுத்த படம். மார்பளவில் வெட்டப்பட்டிருந்தது. பார்த்தவர்கள் வழக்கமான மூன்று சொற்களையும் சொன்னார்கள். ஒருவர் தம் கைபேசியில் அதைப் படம்பிடித்து, ஒரு செயலியால் நிமிடத்தில் முகத்தை மெழுகுபோல் ஆக்கி, "இப்போது பார்" என்று காட்டவும் செய்தார்.

அந்த அம்மிச்சி நாள்தோறும் செய்யும் வேலையையே நாம் கற்றுக்கொண்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. செக்கிங் மேசையில் உட்காருகிறவர் ஒரு பீஸைப் பார்த்து "நன்றாக இல்லை" என்று சொல்வதில்லை. சொன்னால் மேற்பார்வையாளர் சிரிப்பார். ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே, தையல் விட்ட இடம் எங்கே என்று அந்த இடத்திலேயே ஓர் அம்பு ஸ்டிக்கரை ஒட்டுகிறார். பிறகு தையலைப் பிரித்துச் சரிசெய்யக்கூடியது ஒருபுறம் போகிறது. துணியிலேயே ஓட்டை விழுந்தது மறுபுறம் போகிறது. இடத்தைக் காட்டுவது, பழுது எந்த வகை என்று பிரிப்பது, அதைத் தைத்தவரைத் திட்டாமல் விடுவது – திறனாய்வு என்று நூல்கள் விரித்துரைப்பதில் பெரும்பகுதி இதுதானே?

நம் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் அப்படி அம்பு ஒட்டினார். படத்தின்முன் பத்து நிமிடம் நின்றார். அதுவே முதல் மரியாதை. தலைக்குமேல் ஒரு குழல்விளக்கு கொம்புபோல் முளைத்திருப்பதைக் காட்டினார். கண்களில் ஒளிப்புள்ளி இல்லாததைக் காட்டி, வெளிச்சம் உச்சியிலிருந்து மட்டுமே விழுந்ததால் கண்குழிகள் இருண்டன என்றார். சுவர் சாம்பலாகவும் முகம் கரியாகவும் இருப்பதற்குக் காரணம் அம்மிச்சியின் நிறமன்று, கேமராவின் கணக்கு என்றார். கேமராவின் ஒளிமானி தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். முன்னால் பெரிய வெள்ளைச் சுவர் இருந்தால் அதைச் சாம்பலாக்குவதற்காக ஒளியைக் குறைத்துவிடும். முகம் அதில் பலியாகும். முகத்தை மட்டும் அளந்திருந்தாலோ, ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டியிருந்தாலோ முகமும் சுவரும் தத்தம் இயல்பில் நின்றிருக்கும். இவற்றுள் விளக்கை ஓரம் வெட்டி நீக்கலாம், முகத்தை ஓரளவு தெளியவைக்கலாம். அவை பிரித்துத் தைக்கும் பழுதுகள். கண்ணில் இல்லாத ஒளியையும் படத்தில் இல்லாத கைகளையும் எந்தச் செயலியாலும் உண்மையாகக் கொண்டுவர முடியாது. அதற்கு மீண்டும் அருள்புரத்துக்குத்தான் போகவேண்டும்.

இனி வெளுப்பைப் பற்றி. இந்த நோய்க்குக் கொஞ்சம் வரலாறு உண்டு. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் சிவப்பு நிறத்தை உணராதவை. எனவே சிவப்பும் மஞ்சளும் கலந்த மாநிறத் தோல் அவற்றில் உள்ளதைவிடக் கறுத்தே பதிந்தது. ஸ்டுடியோக்காரர் நெகட்டிவின்மீது கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்து அதை ஈடுகட்டினார். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் சுருள்கள் வந்தபின் அந்தத் தேவை குறைந்தது; பழக்கம் மட்டும் குறையவில்லை. அம்மைத் தழும்பும் நெற்றிச் சுருக்கமும் பென்சிலில் மறைந்தன. அன்சல் ஆடம்சும் பிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையில்கூட வெள்ளையர் தோலுக்கு ஆறாம் மண்டலம், கறுத்த தோலுக்கு ஐந்தாம் மண்டலம் என்று இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஐந்தில் இருக்கவேண்டிய முகத்தை ஏழுக்கு ஏற்றிவைப்பது திருத்தமன்று, ஆள்மாறாட்டம்.

இன்று வண்ணத்தில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுகிறோம். அதிலும் இதே கதைதான். மாற்றும்போது சிவப்பின் பங்கைக் கூட்டினால் மாநிறத் தோல் வெளிறும். உதடும் தோலும் ஒன்றாகிப்போகும். நீலத்தைக் கூட்டினால் தோல் கறுத்து, ஒவ்வொரு சுருக்கமும் தழும்பும் எடுத்துக்காட்டாக நிற்கும். பச்சையின் பங்கு ஏறக்குறையக் கண் காணும் ஒளியளவைத் தரும். முகத்தை எந்த அளவில் நிறுத்துவது என்பது எடுப்பவனின் முடிவு. ஆனால் அது முடிவு என்று அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். செயலியிடம் விட்டுவிட்டால் அது யாருடைய முடிவு? (இந்த ஒன்றுக்காகவேனும் நண்பர்கள் ஒருமுறை மூன்று விதமாகவும் மாற்றி அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். செலவு ஒன்றுமில்லை. நீலகிரியில் 1967 முதல் செய்த 'இந்து' சுருள் நம் ஸ்டுடியோக்களில் ஓடிய நாளில் ஒவ்வொரு சட்டத்துக்கும் காசு எண்ண வேண்டியிருந்தது. அந்த ஆலையும் இன்று இயங்கவில்லை.)

திருத்தத்தைப் பற்றிப் பேசுவோர் யூசுப் கார்ஷ் எடுத்த சர்ச்சில் படத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. 1941 டிசம்பர் 30 அன்று ஒட்டாவாவில் கனடா நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு வந்த சர்ச்சில் வாயில் சுருட்டோடு நின்றார். எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. கார்ஷ் அருகே போய், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதை அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட்டுப் படமெடுத்தார். அந்த முறைப்புதான் உலகப் புகழ் பெற்றது. 2016-இல் வந்த இங்கிலாந்தின் ஐந்து பவுன் தாளில்கூட அதுவே இருக்கிறது. ஒரு பொருளை நீக்கியதால் ஒரு மனிதர் வெளிப்பட்டார் என்று பாடம் சொல்வார்கள்.

நம் நண்பரும் ஒரு பொருளை நீக்கியிருந்தார். அம்மிச்சியின் மூக்குக்கண்ணாடியில் விளக்கு பளபளத்ததால் அதைக் கழற்றச் சொல்லி எடுத்திருந்தார். படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது அம்மிச்சி சொன்னதாக அவர் சொன்னது இது: "ஏங்கண்ணு, கண்ணாடியில்லாம நான் என்னைக்குப் பீஸ் பாத்திருக்கறேன்? இது ஆரோ மாதிரியல்ல இருக்குது." நடைக்கூடத்தில் நாங்கள் பேசிய அத்தனைக்கும் மேலான திறனாய்வு இது. சுருட்டைப் பிடுங்கினால் சர்ச்சில் முறைக்கலாம். அவர் ஒரு பேரரசின் பிரதமர். கண்ணாடியைக் கழற்று என்றால் அம்மிச்சி கழற்றிவிடுவார், பேரனாயிற்றே. எனவே எதிரே இருப்பவர் மறுக்கமாட்டார் என்று தெரிந்த இடத்தில் எடுப்பவனுக்குப் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

பளபளப்புக்கு வழி இருந்தது. கண்ணாடியின் காம்புகளைக் காதிலிருந்து சற்றே உயர்த்தினால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும். வெளிச்சம் கேமராவுக்குத் திரும்பாது. அல்லது வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டையும் செய்தார். அம்மிச்சியை வாசல் நிழலில் நாற்காலியில் அமர்த்தி, தாமும் குந்தி அவர் கண்மட்டத்துக்கு வந்து, பிசிறு வெட்டும் கத்திரி பிடித்த கையோடு எடுத்தார். இரண்டாவது படம் முதலாவதைவிட மேலானது. ஆனாலும் வலப்பக்கக் கண்ணாடியில் வாசற்கதவின் சிறு வடிவம் மின்னுகிறது. ஆசிரியர் அதை மங்கவைக்கலாம் என்கிறார். நண்பர் அது எங்கள் வாசல், இருக்கட்டும் என்கிறார். நான் நண்பர் பக்கம். ஆசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகிறது.

வரும் ஆண்டுக் கண்காட்சிக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு முகப்படத்தின் கீழும் ஒரு வெள்ளைத்தாள் தொங்கட்டும். எழுதுபவர் படத்தில் ஓர் இடத்தைச் சுட்டியே எழுதவேண்டும். வெறும் "அருமை"க்கு அதில் இடமில்லை. முதல் வரி படத்தில் இருப்பவருக்கு என்று காலியாக விடப்படட்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, நாம் எழுதுவோம். கல்லூரி விழா வேலைநாளில் வருகிறது. அருள்புரத்திலிருந்து கம்பெனிக்குப் போகிறவர்கள் ஞாயிறன்றுதான் வரமுடியும். ஆகவே படங்களை விழா முடிந்த மாலையே கழற்றாமல் ஞாயிறு மாலை வரை வைத்திருக்கவும், அன்று வாயிற்கதவைத் திறந்து வைக்கவும் முதல்வர் அவர்கள் இசைவு தரவேண்டும்.