வரைந்தவரின் பங்கு எங்கே?

கரோனா இரண்டாவது அலையின்போது, 2021 ஜூன் மாதத்தில், ஓவியர் இளையராஜா மறைந்தார். அப்போது அவர் நாற்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். கும்பகோணம் அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் பயின்றவர். நம் வீட்டுப் பெண்களின் அன்றாடத்தை, புகைப்படமோ என்று ஐயுறும் வண்ணம் தீட்டியவர். வார இதழில் அவர் வரைந்த ஓவியங்கள் வழியே அவரை அறிந்தவர்கள் ஏராளம்.

என் தலைமுறைக்கு ஓவியத்தை அறிமுகப்படுத்தியவை சித்திரக்கதைகள். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது, நான் சங்கரன்கோவிலில் பள்ளி மாணவன். இரும்புக்கை மாயாவியின் சாகசங்கள் எங்களுக்கு மனப்பாடம். ஆனால், அவரை வரைந்தவர் யார் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. வரைந்தவரை மறந்துவிடும் இந்த வழக்கம் வாசகர்களிடம் மட்டுமல்ல, சட்டத்திலும் இருக்கிறது.

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஓவியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். ஆயினும், அதன் பயன் அவர் குடும்பத்தைச் சேர வேண்டும் என்பதில்லை.

அதே சட்டத்தின் 53ஏ பிரிவு ஓவியர்களுக்குச் சாதகமானது. மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ அதிகபட்சம் 10 சதவீதம் வரை பங்கு உண்டு. ஆனால், ஓவியர் முதல் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும். முன்னது பறித்தால் பின்னதும் கிடைக்காது. ஓவியர் மறைந்ததும் புதிய படைப்புகள் நின்றுவிடுகின்றன. தேவை தொடர்ந்தால் விலை உயரும். அந்த உயர்வில் குடும்பத்துக்குப் பங்கில்லை என்பது அநீதி.

'சூப்பர்மேன்' பாத்திரத்தின் உரிமையை ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் 1938-இல் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தனர். ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் படைப்பாளர் என்ற பெயரும் அவர்களுக்குக் கிடைக்க, பொதுமக்களின் குரல் எழ வேண்டியிருந்தது, அதுவும் 1975-இல்தான்.

இது எந்த இதழையும் குறித்த புகார் அன்று. வழக்கத்தைக் குறித்த கவலை. என் முன்னாள் மாணவர் ஒருவரின் மகள், சங்கரன்கோவிலில் இருந்தபடியே நூல்களுக்கு அட்டைப்படம் வரைகிறார். ஒப்பந்தம் உண்டா என்று கேட்டேன். "வாட்ஸ்ஆப்பில் சொல்லுவாங்க சார், வரைஞ்சு அனுப்பினா பணம் வந்துடும்" என்றார்.

ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: ஒருமுறை வெளியிடும் அனுமதி மட்டும் பதிப்பாளருக்கு, பதிப்புரிமையும் மூல ஓவியமும் ஓவியருக்கு. இதைக் கவின் கலைக் கல்லூரிகள் பாடமாகக் கற்பிக்கலாம்; அரசுத் துறைகளும் பாடநூல் நிறுவனமும் தாம் வரையச் சொல்லும் ஓவியங்களில் முதலில் பின்பற்றிக் காட்டலாம்.

அகாலத்தில் மறைந்த கலைஞர்களுக்கு அஞ்சலி எழுதுவதில் நாம் குறை வைப்பதில்லை. வாழும் ஓவியர்களுக்கு அந்த ஒரு பக்கத்தையும் எழுதித் தருவோம்.