இந்தப் பாட்டை யார் செய்தது?

இந்தக் கிழமை பொட்காஸ்டில் பரிந்துரை அல்கோரிதங்களைப் பற்றிக் கதைத்தோம். நேரம் போதவில்லை. மைக்கை நிப்பாட்டின பிறகும் எனக்கு வாய் ஓயவில்லை. அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். தொழில்நுட்பத்தை விடப் பாட்டுத்தான் கூட இருக்கும், முதலே சொல்லிப்போட்டன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என்ர பைத்தியமும் தெரியும். புது ஐரோப்பியப் பொப் பாட்டுகளைத் தேடிப் பிடிக்கிறது. வருசம் பிறந்து பனி கொட்டத் தொடங்கினால், யூரோவிஷனுக்கு ஒவ்வொரு நாடும் தன் பாட்டைத் தெரிவு செய்யும் காலமும் தொடங்கிவிடும். எங்கட டான்ஸ்க் மெலடி கிராண்ட் ப்ரி, சுவீடனின் மெலடிஃபெஸ்டிவாலன், எஸ்தோனியாவின் ஏஸ்டி லவுல், இத்தாலியின் சன்ரெமோ. சனிக்கிழமை இரவுகளில் ரீவியில் ஒன்று ஓடும், லப்டொப்பில் இன்னொன்று ஓடும். எஸ்தோனிய மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் பாட்டு நல்லாயிருந்தால் முதல் நிமிடத்திலேயே கை மயிர் எழும்பும்.

ஒருநாள் அம்மா கதவடியில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டா: "விளங்காத பாட்டை என்னெண்டு பிள்ளை கேக்கிறாய்?"

"நீங்கள் சின்னனில ரேடியோவில ஹிந்திப் பாட்டுக் கேட்டனீங்கள் எல்லோ? விளங்கியே கேட்டனீங்கள்?"

அம்மா சிரிச்சுக்கொண்டு குசினிக்குள் போயிட்டா. அந்தக் கதைக்குத் திரும்ப வருகிறேன்.

முதலில் 2015. எனக்கு அப்ப 14 வயது. அந்த வருசம் மூன்று விசயங்கள் நடந்தன. மார்ச்சில் ‘லீன் ஒன்’ பாட்டு வந்தது. ஜூனில் எங்கட ஒடென்சேயின் தூசன்ஓஸ்கோவன் பூங்காவில் ரின்டர்பொக்ஸ் இசைவிழா முதல் முறையாக நடந்தது. ஜூலையில் ஸ்பொட்டிஃபை ‘டிஸ்கவர் வீக்லி’யைத் தொடங்கியது: ஒவ்வொரு திங்களும் உங்களுக்கென்று 30 பாட்டுகள்.

‘லீன் ஒன்’ பாடினவர் கரேன் மரீ எர்ஸ்டெட். ‘ஓ’வுக்குக் குறுக்கே கோடு போட்ட ‘மோ’ என்ற பெயரில் பாடுபவர். ஒடென்சே பக்கத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அந்த வருசம் நவம்பரில், அதுவரை ஸ்பொட்டிஃபையில் ஆகக்கூடக் கேட்கப்பட்ட பாட்டு அதுதான் என்று அறிவித்தார்கள். பாட்டின் வீடியோ எடுத்தது இந்தியாவில். எங்கட ஊருக்குப் பக்கத்துப் பெட்டை இந்தியாவில் நின்று ஆட, உலகம் முழுக்கப் பார்க்குது! வகுப்பில் எல்லாரும் அந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். நான் ஒருபடி மேலே போய், அதை யார் செய்தது என்று தேடினேன்.

அந்தத் தேடல்தான் என்னை இந்தப் பைத்தியம் ஆக்கினது.

‘லீன் ஒன்’னைச் செய்தவர்கள் மேஜர் லேசர் குழுவும் டிஜே ஸ்நேக்கும். மேஜர் லேசரைத் தொடங்கியவர்களில் ஒருவர் டிப்ளோ. டிப்ளோ அதுக்கு முதல் என்ன செய்தவர் என்று பார்த்தால், ‘பேப்பர் பிளேன்ஸ்’. அதைப் பாடினவர் எம்.ஐ.ஏ. யார் அந்த எம்.ஐ.ஏ.? மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, சண்டைக்குள்ளால் திரும்ப லண்டனுக்கு ஓடி வந்த தமிழ்ப் பிள்ளை. 2005இல் வந்த முதல் அல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரை வைத்து ‘அருளர்’ என்றும், 2007இல் வந்த இரண்டாவதுக்கு அம்மாவின் பெயரை வைத்து ‘கலா’ என்றும் பெயரிட்டவர். எனக்கு 14 வயதில்தான் இது தெரியும். வீட்டில் ஒருத்தரும் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை. ஒரு டேனிஷ் பாட்டுக்காரியின் பின்னால் போனபடியால் கண்டுபிடித்தேன்.

கதை அங்கே முடியவில்லை. கொஞ்சக் காலம் கழித்து, வைலவில் ஒரு சாமத்தியவீட்டுக்குப் போகிற வழியில், காரில் ‘கலா’ அல்பத்தைப் போட்டேன். முதல் பாட்டு ‘பாம்பூ பாங்கா’. அப்பா வழமைபோல "என்ன இது, தகரம் தட்டுற சத்தம்" என்று முகத்தைச் சுளித்தார். பிறகு திடீரென்று கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார்.

"டேய், இது இளையராஜா எல்லோ!"

உண்மைதான். 1991இல் வந்த ‘தளபதி’ படத்தில் யேசுதாசும் எஸ்.பி.பி.யும் சேர்ந்து பாடின பாட்டின் துண்டு ஒன்று அதுக்குள்ளே இருக்கிறது. அப்பாவிடம் அந்தப் படத்தின் கசெற் இருந்தது. டென்மார்க் வந்த புதிதில் நாடா தேயத் தேயக் கேட்டதாம். அன்றைக்கு வைல போய்ச் சேரும்வரை அந்தக் காலத்துக் கதையெல்லாம் சொன்னார். நான் அதுவரை கேட்காத கதைகள்.

ஒடென்சேயில் தொடங்கி ஒரு பெயரை விட்டு ஒரு பெயராகப் போனால், அப்பாவின் கசெற் பெட்டியில் வந்து நிற்கிறேன். இந்த வழியை எந்தச் செயலியும் எனக்குக் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்பதுதான் இன்றைய விசயம்.

என்ர செயலியில் நான் இரண்டு ஆள். ஒரு பட்டியலில் தமிழ் சினிமாப் பாட்டு, இன்னொரு பட்டியலில் நோர்டிக் பொப். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு கதைக்காத சனம் மாதிரி. இது யாரும் வேணுமென்று செய்ததில்லை. பரிந்துரை இயந்திரம் வேலை செய்யும் விதம் அப்படி. தமிழ்க் கடைக்காரரை நினைத்துப் பாருங்கோ. இடியப்ப மா வாங்குகிற ஆள் தேங்காய்ப்பால் ரின்னும் வாங்குவார் என்று அவருக்குத் தெரியும். அவருக்குச் சமையல் தெரிய வேண்டியதில்லை, சனம் எதை எதோடு சேர்த்து வாங்குகிறது என்று தெரிந்தால் போதும். ‘டிஸ்கவர் வீக்லி’யின் அடிப்படையும் இதுதான். இலட்சக்கணக்கான ஆட்கள் தங்கள் பட்டியல்களில் எந்தப் பாட்டோடு எந்தப் பாட்டைச் சேர்த்து வைக்கிறார்கள் என்று பார்க்கும். உங்களைப் போலக் கேட்பவர்கள் கேட்ட, ஆனால் நீங்கள் இன்னும் கேட்காத பாட்டை எடுத்துத் தரும்.

சரியாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் ‘லீன் ஒன்’னையும் ‘தளபதி’யையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிற ஆட்கள் எத்தனை பேர்? எங்களை மாதிரிப் பிள்ளைகள்தான். நாங்கள் உலகக் கணக்கில் கைப்பிடியளவு. இயந்திரத்துக்கு நாங்கள் சத்தம், இசை இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கு. நேற்று வந்த பாட்டை இதுவரை ஒருத்தரும் எதோடும் சேர்த்து வைத்திருக்க மாட்டார்கள். பாட்டின் ஒலியையே ஆராய்ந்து கொஞ்சம் ஊகிக்கலாம். ஆனால் பெயர் இல்லாத ஆளின் முதல் பாட்டு வரிசையின் கடைசியில்தான் நிற்கும். புதுசைத் தேடுகிற எங்களுக்கு வேண்டியதே அந்தப் பாட்டுத்தான்.

அம்மாவின் ஹிந்திப் பாட்டுக்கு வாறன். அம்மா வளர்ந்தது இலங்கை வானொலியோடு. பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளர் படத்தின் பெயர், பாடினவர், இசையமைத்தவர், எழுதினவர் எல்லாம் சொல்லுவாராம். அதனால் அம்மாவுக்கு இன்றைக்கும் எந்தப் பாட்டைப் போட்டாலும் யார் எழுதினது, யார் இசை என்று தெரியும். எனக்கோ, போன கிழமை இருபது தரம் கேட்ட பாட்டை யார் எழுதினது என்று தெரியாது. என் கையில் இருக்கிற போனுக்குள் கோடிக்கணக்கான பாட்டுகள். அம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு ரேடியோ. ஆனால் தேடிப் போவதற்கு அம்மாவின் கையில் ஒரு நூல் இருந்தது. எங்களிடமிருந்து அந்த நூல் நழுவிப் போச்சு.

இயந்திரத்தைத் திட்ட நான் வரவில்லை. அது இல்லாவிட்டால் பல நோர்வே, ஐஸ்லாந்துப் பாட்டுகள் என் காதில் விழுந்திருக்காது. நான் சொல்வது ஒன்றுதான்: தெரிவு முழுவதையும் அதன் கையில் கொடுக்காதேங்கோ. ஒரு ஆள் தன் பெயரைப் பணயம் வைத்து "இதைக் கேள்" என்று சொல்வது வேறு விசயம். டிஆரின் பி3 வானொலி தாங்கள் முன்னுக்குத் தள்ளும் புதுப் பாட்டுக்கு ‘தவிர்க்க முடியாதது’ என்று டேனிஷில் பெயர் வைத்திருக்கிறது. பிடிக்காவிட்டால் அவர்களோடு சண்டை பிடிக்கலாம். அல்கோரிதத்தோடு என்னெண்டு சண்டை பிடிக்கிறது?

ப்ரியா ரகுவை எனக்குத் தந்தது சுவிசில் இருக்கிற மச்சாள். 2020இல் ‘குட் லவ் 2.0’ வந்த கையோடு வட்ஸ்அப்பில் அனுப்பி, "எங்கட பிள்ளை, கேள்" என்று மட்டும் எழுதியிருந்தா. சங்க்ட் கலனில் பிறந்து வளர்ந்தவர், பெற்றோர் எங்களைப் போல இலங்கையிலிருந்து வந்தவர்கள், இசையைச் செய்வது அவருடைய அண்ணன் ‘ஜாஃப்னா கோல்ட்’. 2023இல் வந்த அல்பத்தின் பெயர் ‘சந்தோசம்’. ஆர்அண்ட்பி தாளத்துக்குள் வீட்டுத் தமிழ். இதை எந்தப் பெட்டிக்குள் போடுவது? சுவிஸ் பொப்பா, தமிழா? எனக்கு அது ஐரோப்பியப் பொப்தான். ஒடென்சேயில் பிறந்த நான் எவ்வளவு ஐரோப்பாவோ, அந்தப் பாட்டும் அவ்வளவு ஐரோப்பா.

இனிக் காசுக் கதை. கொஞ்சம் முக்கியமானது.

போன இலையுதிர்காலத்தில் ஒடென்சேயில் ஒரு சின்ன மண்டபத்தில், முக்கியமான குழுவுக்கு முதல் பாட வந்த ஒரு பெட்டையைக் கேட்டேன். அறுபது பேர் இருந்திருப்போம், பாதிப்பேர் பியர் வரிசையில். இரண்டாவது பாட்டில் எனக்கு அந்தக் கை மயிர் விசயம் நடந்தது. முடிந்த பிறகு போய், "இதை ஆர் செய்தது?" என்று டேனிஷில் கேட்டேன். முகம் மலர்ந்து போச்சு. தாளம் கூட இருக்கிற சிநேகிதி, பாட்டெழுதினது தான், ஒலிப்பதிவு குசினியில் என்றா. எத்தனை தரம் கேட்கப்பட்டிருக்கு என்று கேட்டதுக்கு, "எண்ணூற்றுச் சொச்சம்" என்று வெட்கத்தோடு சொன்னா.

2024 தொடக்கத்திலிருந்து ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தின 12 மாதங்களில் 1,000 தரம் கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு உரிமைப்பணம் கணக்கில் வரும். 30 வினாடி கேட்டால் ஒருதரம். எத்தனை வெவ்வேறு ஆட்கள் கேட்டார்கள் என்பதையும் பார்க்கிறார்கள், அந்த எண்ணிக்கையை மட்டும் வெளியில் சொல்வதில்லை. 1,000ஐத் தாண்டினாலும் கிடைப்பது சில குரோனர்கள்தான். ஆனால் எண்ணூறுக்கும் ஆயிரத்துக்கும் இடையில் நிற்கிற அந்தப் பிள்ளைக்கு, தன் பாட்டு கணக்கில் இருக்கா இல்லையா என்பது வேறு கேள்வி.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. கிழமைக்கு ஒருதரம் கேட்கிற ரசிகர் 20 பேர். வருசத்துக்கு 52 கிழமை. 1,040. 1,000ஐத் தாண்ட இருபது பேர் போதும்! எங்கட ஒரு சாமத்தியவீட்டில் ஒரு மேசையைச் சுற்றி அதைவிடக் கூடச் சனம் நிற்கும். பெரிய நட்சத்திரத்துக்கு நீங்கள் கேட்பதும் கேட்காததும் ஒன்றுதான். சின்ன ஆளுக்கு நீங்கள் ஐந்து வீதம்.

அதனால் கேட்கிறேன், இந்தக் கிழமை மூன்று விசயம் செய்து பாருங்கோ. பிடித்த பாட்டு ஒன்றின் விவரத்தைத் திறந்து, செய்தவரின் பெயரைப் பார்த்து, அவர் செய்த இன்னொன்றைக் கேளுங்கோ. அடுத்த முறை கச்சேரிக்குப் போனால் நேரத்தோடு போய், முதல் பாட வருகிறவரைக் கேளுங்கோ. பிடித்ததை ஒரு ஆளுக்குப் பெயர் சொல்லி அனுப்புங்கோ. குழுவுக்கு இல்லை, ஒரு ஆளுக்கு, மச்சாள் எனக்கு அனுப்பின மாதிரி.

அந்தப் பெட்டையின் பாட்டை நான் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். "தகரம் தட்டுற சத்தம்" என்றுதான் இந்தமுறையும் சொன்னார். ஆனால் பாட்டு முடிய, போனை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"ஆர் இதுக்கு மியூசிக்?"