யாருக்கு அமைதி?



'வெள்ளைக்காரன் போட்ட சமாதானத்துக்கும் தெள்ளாருக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். இருக்கிறது!

தெள்ளாருக்குப் போர் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியரை இங்கே வென்றதால்தான் பல்லவ மன்னன் 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' ஆனான். ஆனால் 1760 ஜனவரி 22-இல் பக்கத்து வந்தவாசியில் மோதியவை அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும்! ஐரோப்பாவில் 1756-இல் மூண்ட ஏழாண்டுப் போருக்கு நம்ம மண்ணும் ஒரு களம். மறு ஆண்டு பாண்டிச்சேரியும் வீழ்ந்தது. ஆங்கிலேயர் அந்நகரையே இடித்துத் தள்ளினார்கள்.

1763 பிப்ரவரி 10-இல் பாரிசில் சமாதானம். பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரருக்கே திரும்பியது. கர்நாடகத்துக்கு முகமது அலி, தக்காணத்துக்கு சலாபத் ஜங் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், சலாபத் ஜங்கை அவர் தம்பி நிஜாம் அலி 1762-லேயே பதவியிறக்கிச் சிறையில் வைத்துவிட்டார்! சிறையில் கிடந்தவருக்குப் பாரிசில் பட்டாபிஷேகம்! இந்த மண்ணைச் சேர்ந்த யாரையும் கேட்காமல் எழுதினால் வேறெப்படி இருக்கும்? அந்த அமைதி நின்றதும் 15 வருஷம்தான். 1778-இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை மறுபடி பிடித்தார்கள்.

நெப்போலியன் போர்களுக்குப் பிறகு வல்லரசுகள் கொஞ்சம் புத்தி கற்றன. 1814 பாரிஸ் ஒப்பந்தம் பாண்டிச்சேரியைத் திருப்பித் தந்தது. ஆனால் கோட்டை கட்டக்கூடாது, காவலுக்கு வேண்டிய சிப்பாய்களுக்கு மேல் வைக்கக்கூடாது என்று நிபந்தனை! தொடர்ந்து கூடிய வியன்னா மாநாட்டில் தோற்ற பிரான்சுக்கும் இடம் கொடுத்தார்கள். கிரிமியப் போர் வரும்வரை சுமார் 40 ஆண்டுகள் வல்லரசுகளுக்குள் பெரும்போர் இல்லை. இதை நான் பாராட்டுகிறேன். தோற்றவனை மூலையில் தள்ளினால் அவன் அடுத்த சண்டைக்குத்தான் கத்தி தீட்டுவான்.

ஆனால் போலந்து மக்களைக் கேட்காமலே அவர்கள் நாட்டைப் பங்கு போட்டார்களே? 1830-இல் அங்கே கிளர்ச்சி வெடித்தது. நம்ம பக்கம் 1801-லேயே கர்நாடக நிர்வாகம் முழுவதும் கம்பெனி கைக்குப் போய்விட்டது. வல்லவனுக்குள் ஒப்பந்தம், எளியவன் தலையில் சுமை. இதற்குப் பேர் அமைதியா?

நம்ம சங்கத்துக்கும் இதுதான் பாடம். ரெண்டு டிபார்ட்மெண்டுக்குள் தகராறு வந்தால் சீனியர்கள் கைகுலுக்கி, 'எல்லாம் முடிஞ்சு போச்சு' என்றால் போதாது. ஜெயித்தவன் உட்காரட்டும், தோற்றவனும் உட்காரட்டும். நடுவில் மாட்டி அடிபட்ட ஃபர்ஸ்ட் இயர் பையனுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவனும் தலையாட்டினால்தான் அது சமாதானம்!